மகனுக்கு ஹீமோபிலியா உறுதியாகிவிட்டது. சங்கத்தில் பெயர் கொடுக்கலாமா?

கரூர் அப்பா | திங்கள், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் பையனுக்கு 13 மாசம். தவழ ஆரம்பிச்ச நாள்ல இருந்தே முட்டியிலயும் நெத்தியிலயும் நீலம் நீலமா கன்னிப்போகும். சத்து பத்தலைன்னு சொல்லி ராகிக் கூழ் கொடுத்துட்டு இருந்தோம். போன மாசம் கட்டில் காலைப் பிடிச்சு நடக்கிறப்ப விழுந்து, மேல் உதட்டுக்கு உள்பக்கம் ஈறோட ஒட்டியிருக்கிற அந்தச் சின்னத் தோல் கிழிஞ்சிடுச்சு. ரத்தம் நிக்கும், தூங்கி எழுந்தா மறுபடி கசிஞ்சிருக்கும். ஒரே ராத்திரியில மூணு தலையணை உறை மாத்தினோம். ரெண்டாம் நாள் வாந்தியே கருப்பா வந்தது, அவன் முழுங்கின ரத்தம்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க ஏபிடிடின்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, ரொம்ப அதிகம். அப்புறம் ரத்தம் உறைய உதவற ஃபேக்டர்ங்கிற புரதத்தோட அளவு பாத்தாங்க. ஃபேக்டர் எட்டு, ஒரு சதவீதத்துக்குக் கீழ. ஹீமோபிலியா ஏ, தீவிர வகைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

அந்த டாக்டரம்மா ஒரு நம்பர் கொடுத்து, ஹீமோபிலியா சங்கத்தோட சேப்டர்ல, அதாவது கிளையில, பேர் பதிஞ்சுக்கோங்கன்னு சொன்னாங்க. பிரச்சினை வீட்டுல. என் மாமியார் "வெளிய தெரிஞ்சா பெரியவளை யாரு கட்டிக்குவா"ன்னு அழறாங்க. பெரியவளுக்கு ஆறு வயசு தான் ஆகுது. எங்க அம்மா அதுக்கு மேல, "இது உங்க பக்கத்து ரத்தம்"னு என் மனைவி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அஞ்சு நாளா அவ சரியாச் சாப்பிடல.

ரெண்டு கேள்வி. மருந்து அரசு ஆஸ்பத்திரியிலயே கிடைக்குதுன்னா சங்கம் எதுக்கு? பேர் கொடுத்தா அது வெளிய போகுமா?

மதுரை 54 | திங்கள், இரவு 11:30

தம்பி, முதல்ல வீட்டம்மாவைச் சாப்பிட வைங்க. மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

எனக்கு 54 வயசு. எனக்கும் ஃபேக்டர் எட்டு ஒரு சதவீதத்துக்குக் கீழ தான். எங்க அண்ணனுக்கும் இருந்தது. ஒன்பது வயசுல ஆடின பல்லை நூல் கட்டி இழுத்தாங்க. தாத்தா படிகாரம் வச்சு அமுக்கினார், அத்தை காப்பித்தூள் வச்சாங்க. நாலாம் நாள் விடியக்காலையில அவன் போயிட்டான். அதுக்கு ஒரு பேர் இருக்குன்னே எங்க வீட்டுக்குத் தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கிறப்ப தான் ஒரு டாக்டர் எழுதிக் காட்டினார். அது 1983. அதே வருசம் தான் டெல்லியில அசோக் பகதூர் வர்மா ஹீமோபிலியா ஃபெடரேஷன் இந்தியாவை ஆரம்பிச்சார்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். அவருக்கும் இதே நோய் தான். டாக்டர்களோ அதிகாரிகளோ ஆரம்பிச்சது இல்லை தம்பி. நோயோட படுத்துக் கிடந்தவங்க ஆரம்பிச்சது.

அந்தக் காலத்துல எங்களுக்குக் கிடைச்சது கிரையோ மட்டும். உறைய வச்ச பிளாஸ்மாவை மெதுவா உருக விட்டா அடியில ஒரு படிவு தங்கும், அதுல ஃபேக்டர் எட்டு செறிவா இருக்கும். அமெரிக்காவுல ஜூடித் பூல்னு ஒரு அம்மா 1964-ல கண்டுபிடிச்சது. ஒரு முட்டி வீக்கத்துக்கே பல பை ஏத்தணும். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு ஆளோட ரத்தம். சென்னையில 1986-ல டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவுலயே முதல் தடவையா எச்ஐவி இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. எங்களை மாதிரி ரத்தத்தை நம்பி வாழ்ந்தவங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. பையைத் தொங்கவிடறப்ப எல்லாம் அம்மா கண்ணை மூடிக்கும். என் கூட வார்டுல படுத்திருந்த ரெண்டு பேர் அதுல போயிட்டாங்க. நான் தப்பிச்சேன், ஏன்னு இன்னும் தெரியாது.

முதல் தடவை சங்கக் கூட்டத்துக்குப் போனப்ப எனக்கு 23 வயசு. ஒரு கல்யாண மண்டபத்து மாடி. உள்ள நுழைஞ்சதும் நான் பாத்தது நாற்காலிங்களைத் தான். ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிர்ல இன்னொரு நாற்காலி போட்டிருந்தாங்க, மடங்காத காலை நீட்டி வைக்க. யாரும் கேக்கல, யாரும் விளக்கம் சொல்லல. அதுவரைக்கும் கல்யாண வீடு, பள்ளிக்கூடம், பஸ்சு எல்லா இடத்துலயும் "காலை மடக்கு"ன்னு தான் கேட்டிருக்கேன்.

எனக்கு நானே ஃபேக்டர் போட அங்க தான் கத்துக்கிட்டேன். மருந்துப் பொடி இருக்கிற குப்பியில தண்ணியை ஊத்தினதும் குலுக்கக் கூடாது, நுரை வந்துடும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு, அப்பளத்துக்கு மாவு உருட்டற மாதிரி மெதுவா உருட்டணும். தெளிஞ்சதும் ஃபில்டர் ஊசியில உறிஞ்சி, பட்டர்ஃப்ளை ஊசியால நரம்பு பிடிச்சு, மெதுவா ஏத்தணும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டர் இல்லை, ஒரு மளிகைக் கடைக்காரர். தன் கையையே நீட்டி "என் நரம்புல குத்திப் பழகு"ன்னு சொன்னார். அன்னிக்கு அவருக்கும் ஃபேக்டர் போட வேண்டி இருந்தது, அதை எனக்குப் பாடமா ஆக்கிட்டார்.

சங்கம் எதுக்குன்னு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச பதில் அந்தக் கை.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், காலை 6:15

நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில ஹீமோபிலியா பிள்ளைங்களைப் பாக்கிற இடத்துல வேலை. சங்கம் பத்தி மத்தவங்க சொல்வாங்க. இன்னிக்கே உங்களுக்குத் தெரிய வேண்டியதை நான் சொல்றேன்.

தலையில அடிபட்டா வீக்கம் இருக்கா, வாந்தி இருக்கான்னு பாத்துட்டு நிக்காதீங்க. உடனே கிளம்புங்க. முதல்ல ஃபேக்டர், அப்புறம் ஸ்கேன். எந்த டாக்டர் முன்னாடி இருந்தாலும் இந்த வரிசையைக் கையெடுத்துக் கும்பிட்டாவது சொல்லுங்க. கழுத்து, தொண்டை வீக்கமும் அப்படித்தான்.

மூட்டு வீங்கினா அசைக்காம வைங்க, துணியில சுத்தின ஐஸ் பத்துப் பதினஞ்சு நிமிசம், கொஞ்சம் உயரமா வச்சுக்கோங்க. ஆனா ஐஸ் வச்சாச்சேன்னு ஃபேக்டரைத் தள்ளிப்போடக் கூடாது. சின்னக் குழந்தை வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. ஒரு கையை மட்டும் நீட்டாம வச்சிருப்பான், ஒரு காலை ஊன மாட்டான், டயப்பர் மாத்தறப்ப மட்டும் வீறிடுவான். மூட்டைத் தொட்டுப் பாருங்க, மத்தப் பக்கத்தை விடச் சூடா இருக்கும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். தொடையிலயோ புட்டத்துலயோ சதைக்குள்ள ஊசி போட விடாதீங்க. தடுப்பூசியை நிறுத்தக் கூடாது, ஆனா எப்படிப் போடணும்னு எங்களைக் கேட்டுட்டுப் போடுங்க. மெல்லிசான ஊசியா இருக்கணும், போட்ட இடத்தை அஞ்சு நிமிசத்துக்குக் குறையாம அமுக்கிப் பிடிக்கணும்.

ஒரு கணக்கும் மனசுல வச்சுக்கோங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் எட்டு போட்டா ரத்தத்துல அளவு ரெண்டு சதவீதம் ஏறும். உங்க பையன் 10 கிலோன்னா 250 யூனிட் குப்பி ஒண்ணு 50 சதவீதம் வரைக்கும் ஏத்தும். ஆனா எட்டுலேர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துல அது பாதியாயிடும், குழந்தைங்களுக்கு இன்னும் சீக்கிரம். அதனால தான் ஒரு தடவை போட்டாச்சுன்னு விட முடியாது.

போடற ஒவ்வொரு குப்பியோட பேட்ச் நம்பரையும் தேதியையும் ஒரு நோட்டுல எழுதுங்க. தீவிர ஹீமோபிலியா ஏ உள்ளவங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு உடம்பே ஃபேக்டரை எதிர்க்க ஆரம்பிச்சிடும், இன்ஹிபிட்டர்னு பேரு. முதல் அம்பது தடவைக்குள்ள தான் அந்த ஆபத்து அதிகம். அப்ப அந்த நோட்டு இல்லாம எங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

சேலத்துக்காரன் | செவ்வாய், மதியம் 1:05

எல்லாரும் நல்லதாகவே சொல்வீர்கள். நான் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், எந்த ஊர்ச் சங்கம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எட்டு வருடம் உறுப்பினராக இருந்தேன். ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா தினம் வந்தால் விழா, தொப்பி, பனியன், மேடையில் பெரிய மனிதர்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். என் மகனுக்கு அப்போது கணுக்காலில் ரத்தக்கசிவு, நிற்க முடியவில்லை. "படத்துக்கு மட்டும் ஒரு நிமிடம்" என்றார்கள். அன்றோடு நான் போகவில்லை. வெளியிலிருந்து தானமாக வந்த ஃபேக்டர் யாருக்குப் போனது என்று கேட்டதற்கும் பதில் இல்லை. இப்போது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்துக்கு அங்கே போனால் போதும். பிள்ளையின் நோயைக் காட்டி இன்னொருவர் மாலை வாங்கிக்கொள்ள நாம் ஏன் பெயர் கொடுக்க வேண்டும்?

தஞ்சை அம்மா | செவ்வாய், மாலை 4:48

சேலத்து அண்ணா, அந்த ஒரு நிமிசத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கிறேன். எங்க சேப்டர் இல்லைன்னாலும் கேக்கிறேன். கசிவு இருக்கிற கணுக்காலை ஊனச் சொன்னவங்களுக்குச் சங்கம் நடத்தத் தகுதி இல்லை.

ஆனா "அரசு கொடுக்குது"ன்னு சொன்னீங்களே, அது தானா வந்ததில்லைங்க. என் மகனுக்கு இப்ப 19 வயசு. அவன் பிறந்தப்ப ஒரு குப்பி ஃபேக்டர் வாங்க நான் தோட்டை வித்தேன். அரசு ஆஸ்பத்திரியில வேணும்னு நாடு முழுக்க ஒவ்வொரு மாநிலத்துலயும் மனு கொடுத்தது, சில இடத்துல கோர்ட் படி ஏறினது எல்லாம் சங்கத்து ஆளுங்க. ஊன்றுகோலோட போய் வராந்தாவுல உக்காந்தவங்க. 1995 சட்டத்துல ஏழு வகை ஊனம் தான் இருந்தது, நம்ம பிள்ளைங்களுக்கு அதுல இடமே இல்லை. 2016 சட்டத்துல 21 வகை ஆச்சு, ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூணும் உள்ள வந்தது. இன்னிக்கு யூடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, மனு போடுறோம்னா அந்த ஒரு வரிக்காக எத்தனை வருசம் நடந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

கரூர் தம்பி, பேர் வெளிய போகுமான்னு கேட்டீங்க. எங்க பதிவேடு பூட்டின அலமாரியில இருக்கு. கணக்குக்கு எண்ணிக்கை தான் போகும், ஆள் பேர் போகாது. ஆனா அந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். நல்லாப் பதிவு பண்ற நாடுகள்ல லட்சம் ஆண்களுக்குச் சுமார் 17 பேருக்கு ஹீமோபிலியா ஏ இருக்குன்னு கணக்கு. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல ஆண்கள் 3.6 கோடி. பெருக்கிப் பாருங்க, ஆறாயிரம் பேர் இருக்கணும். ஒளிச்சு வச்ச ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஆறாயிரத்துல கணக்குல வராத பிள்ளை. வருசத்துக்கு எத்தனை யூனிட் வாங்கணும்னு எழுதறப்ப அவன் அதுல இல்லை. மாசக் கடைசியில ஃபேக்டர் தீந்து போச்சுன்னு திருப்பி அனுப்பறாங்களே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றேன். மணி ரெண்டேகால். சங்கத்தோட அவசரப் போன் அன்னிக்கு எங்க வீட்டுல இருந்தது, நாங்க முறை வச்சுப் பாக்கிறோம். ஒரு அப்பா பேசறார், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இருந்து. பதினாலு வயசுப் பையன், வலது அடிவயிறு வலி, குடல்வால்னு சொல்லி ஆபரேஷனுக்கு எல்லாம் தயார். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "பையன் வலது காலை நீட்டறானா?" இல்லைங்க, மடக்கியே வச்சிருக்கான், நீட்டினா கத்தறான்னார். இடுப்புக்குள்ள சோவாஸ்னு ஒரு சதை இருக்கு, அதுல ரத்தம் கசிஞ்சாலும் இப்படியே தான் வலிக்கும். அந்த டாக்டர்கிட்ட போனைக் கொடுங்கன்னேன். அவர் நல்ல மனுசன், காது கொடுத்துக் கேட்டார். ஸ்கேன் பண்ணினா சதைக்குள்ள ரத்தக்கட்டி. ஃபேக்டர் போட்டு நாலு வாரம் படுக்கையில வச்சுக் காப்பாத்தினோம். அன்னிக்குக் கத்தி வச்சிருந்தா ஃபேக்டர் கையில இல்லாத இடத்துல அந்தப் பிள்ளை மேசையிலயே போயிருப்பான். அந்தக் கேள்வியை எனக்குக் கத்துக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. என் மகனுக்கு அதே இடத்துல வந்தது.

கேரியர் பெண் | செவ்வாய், இரவு 9:20

இதைக் கரூர் அண்ணன் அண்ணிக்குப் படிச்சுக் காட்டணும்.

அண்ணி, எனக்கு 31 வயசு. என் தம்பிக்கு ஹீமோபிலியா, நான் கேரியர், அதாவது அந்த மரபணுக் கோளாறைச் சுமக்கிறவ. எங்க அம்மாவும் இதே பேச்சை இருபது வருசம் கேட்டவங்க. ஃபேக்டர் எட்டு மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு அம்மாகிட்ட இருந்து ஒரே ஒரு எக்ஸ் தான் வரும், அதனால அவனுக்கு நோயா வருது. அதை வச்சு அம்மா மேல பழி போடறாங்க. ஆனா மூணுல ஒரு பங்கு குடும்பங்கள்ல முன்னாடி யாருக்குமே இருந்திருக்காது, புதுசா ஏற்பட்ட மாற்றம். தீவிர வகையில கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த மரபணுவோட ஒரு துண்டு தலைகீழாத் திரும்பியிருக்கும். அந்தத் திரும்பல் பெரும்பாலும் ஆணோட விந்தணு உருவாகிறப்ப நடக்கிறது. அதாவது அம்மாவுக்கு அவங்க அப்பாகிட்ட இருந்து, அவருக்கே தெரியாம, அவருக்கு நோய் எதுவும் இல்லாமலே வந்திருக்கலாம். இதுல யாரைக் குத்தம் சொல்லுவீங்க? யாரும் எதுவும் செய்யலை. உங்க மாமியார்கிட்ட இதைச் சொல்ல வேண்டியது நீங்க இல்லை, அண்ணன் தான் சொல்லணும்.

பெரிய பொண்ணு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கோபமே வருது. கல்யாணத்தைப் பத்திப் பேசறாங்களே, அவளுக்கு ஃபேக்டர் அளவு பாத்தாங்களா? கேரியர்னா வெறுமனே சுமக்கிறவங்க மட்டும் இல்லை. எனக்கு 32 சதவீதம் தான் இருந்தது. வயசுக்கு வந்த முதல் தடவை பதினோரு நாள் நிக்கல. "சில பொண்ணுங்களுக்கு அப்படித்தான்"னு பாட்டி சொன்னாங்க. தம்பிக்கு இருக்கு, எனக்கும் பாக்கணும்னு யாருக்கும் தோணலை, ஏன்னா இது ஆம்பளைப் பிள்ளைங்க நோய்னு நெனச்சாங்க. ஒரு கூட்டத்துல சங்கத்து அக்கா ஒருத்தங்க தான் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாசா மாசம் உனக்கு எப்படி இருக்கு"ன்னு கேட்டாங்க. அவளுக்கு இப்பவே டெஸ்ட் எடுத்து வைங்க. பல் பிடுங்கினாலும் ஆபரேஷன் வந்தாலும் அந்தக் காகிதம் வேணும்.

என் கல்யாணத்துக்கு முன்னாடி அவர்கிட்ட நானே சொன்னேன். அவங்க வீட்டுல ஒரு வாரம் யோசிச்சாங்க. அந்த ஒரு வாரம் கஷ்டமா தான் இருந்தது. மறைச்சுக் கட்டிக்கொடுத்திருந்தா அந்த ஒரு வாரம் எனக்கு ஆயுசு முழுக்க இருந்திருக்கும். கர்ப்பமானப்ப பதினோராவது வாரத்துக்கு மேல நஞ்சுக்கொடியில இருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பாக்கிற டெஸ்ட் பத்தி எல்லாம் விவரமாச் சொன்னாங்க. நாங்க என்ன முடிவெடுத்தோம்கிறது எங்க ரெண்டு பேரோட விஷயம். ஆனா தெரிஞ்சு எடுத்தோம்.

பருத்தித்துறை–டொரோண்டோ | புதன், காலை 7:33

நான் கனடாவில இருந்து எழுதுறன். ஊர் பருத்தித்துறை. என்ர மகனுக்கும் இதே வருத்தம் தான், இப்ப 17 வயது. இஞ்ச ரெண்டு வயதில இருந்தே கிழமைக்கு மூண்டு தரம் வீட்டிலயே ஃபேக்டர் போட்டு வளர்த்தனாங்கள். நீச்சல் அடிக்கிறார், ஒரு மூட்டிலயும் பழுதில்லை. எல்லாம் அரசாங்கச் செலவு.

அப்ப சங்கம் தேவையில்லைத் தானே எண்டு நீங்கள் கேட்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இஞ்ச ஹீமோபிலியா சங்கத்தை 1953 இல தொடங்கினவர் ஃபிராங்க் ஷ்னாபெல். அவருக்கும் இதே வருத்தம். 1963 இல உலக ஹீமோபிலியா சம்மேளனத்தைத் தொடங்கினவரும் அவர் தான். ஏப்ரல் 17 அவற்ற பிறந்த நாள். 1987 இல அவர் எயிட்ஸில செத்தவர், தான் ஏத்தின மருந்தால. இந்தப் பெரிய நாட்டிலயும் எண்பதுகளில கிருமி கலந்த ரத்தத்தைக் குடுத்துப் போட்டு ஒருத்தரும் பொறுப்பெடுக்கேல்லை. விசாரணை வேணும் எண்டு விடாமல் நிண்டவையில இந்தச் சங்கமும் ஒண்டு. நீதிபதி கிரேவரின்ர விசாரணை 1993 இல தொடங்கி 1997 இல அறிக்கை வந்தது. அதுக்குப் பிறகு ரத்தம் சேகரிக்கிற அமைப்பையே மாத்தினவை. என்ர பிள்ளை இண்டைக்குப் பயமில்லாமல் ஏத்துற ஒவ்வொரு குப்பிக்கும் பின்னால ஆரோ ஒரு தாய் தகப்பன்ர பிள்ளை செத்திருக்குது. அரசாங்கம் குடுக்கிற நாட்டில தான் அது என்ன குடுக்குது எண்டு பாத்துக்கொண்டிருக்க ஆக்கள் வேணும்.

கரூர் அப்பா | புதன், இரவு 10:10

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியலைங்க. கேரியர் தங்கச்சி எழுதினதை முதல்ல நான் படிச்சேன், அப்புறம் எங்க அம்மாவை உக்கார வச்சு சத்தமாப் படிச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லல. காலையில மருமகளுக்கு இட்லி ஊத்திக் கொடுத்துட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.

இன்னொரு சந்தேகம். வேலூர்ல இதுக்கு முழுசா குணமாக்கிற வைத்தியம் வந்துடுச்சுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸப்ல அனுப்பினார். தோலுக்கு அடியில மாசம் ஒரு ஊசி போட்டா போதும்னும் வந்தது. எது நிஜம்?

வார்டு சிஸ்டர் | வியாழன், காலை 6:40

ரெண்டும் நிஜம் தான், ஆனா வாட்ஸப்ல வந்த மாதிரி இல்லை.

வேலூர் சிஎம்சியில டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு மரபணு சிகிச்சை செஞ்சு, 2024 டிசம்பர்ல மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. அஞ்சு பேருக்குச் செஞ்சாங்க. அவங்களோட ரத்த மூல செல்களை எடுத்து, நல்ல மரபணுவை அதுல சேர்த்து, திரும்ப உடம்புக்குள்ள ஏத்தறது. அஞ்சு பேருக்கும் அதுக்கப்புறம் ரத்தக்கசிவு நின்னது, அது பெரிய விஷயம். ஆனா செல்லைத் திரும்ப ஏத்தறதுக்கு முன்னாடி எலும்பு மஜ்ஜையைக் காலி பண்ற கடுமையான மருந்து கொடுக்கணும். பெரியவங்களுக்குச் செஞ்ச ஆய்வு. 13 மாசக் குழந்தைக்கு இன்னிக்கு அது இல்லை. யாராவது பணம் கட்டுங்க, ஏற்பாடு பண்றேன்னு சொன்னா நம்பாதீங்க.

தோலுக்கு அடியில போடறது எமிசிசுமாப். அமெரிக்காவுல 2017-ல அனுமதி கொடுத்தது. ஃபேக்டர் எட்டு செய்யற இணைப்பு வேலையை இந்த மருந்து செய்யும். வாரம் ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு போடலாம். நரம்பு தேட வேண்டாம், இன்ஹிபிட்டர் வந்தவங்களுக்கும் வேலை செய்யும். விலை தான் பயங்கரம். உலகச் சம்மேளனம் தானமா அனுப்பறதுல சில பிள்ளைங்களுக்குக் கிடைக்குது. உங்க பையனுக்குப் பொருந்துமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதைப் போட்டுக்கிட்டாலும் அடிபட்டாலோ ஆபரேஷன் வந்தாலோ ஃபேக்டர் வேணும். ஏபிடிடி டெஸ்ட் பொய்யா சரியாக் காட்டும், அதனால எந்த லேபுக்குப் போனாலும் இந்த மருந்து போடறோம்னு சொல்லிடணும்.

அது கிடைக்கிற வரைக்கும் கசிவு வந்த பிறகு ஓடி வராம, வாரம் ரெண்டு தடவை கிலோவுக்குப் பத்து யூனிட் போல குறைஞ்ச அளவுல முன்கூட்டியே போடற முறையைக் கேளுங்க. முட்டி ஒரு தடவை கெட்டா அப்புறம் எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது.

சேலத்துக்காரன் | வியாழன், இரவு 8:55

தஞ்சை அம்மாவின் பதிவை மூன்று முறை படித்தேன். அந்த ராத்திரி போன் என் காலத்தில் எங்கள் ஊரில் இல்லை. இருந்திருந்தால் நான் விலகியிருக்க மாட்டேன். சங்கமே வேண்டாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் கரூர் நண்பரே, கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். முதல் நாளே சில விஷயங்களைக் கேளுங்கள். தானமாக வரும் ஃபேக்டருக்கு வரவு செலவு நோட்டு இருக்கிறதா, யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாமா? குப்பிகள் காலாவதி தேதி வரிசையில் அடுக்கி, இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கப்படுகின்றனவா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்து உறுப்பினர்களுக்குத் தருகிறார்களா? நிர்வாகக் குழுவில் நோயுள்ளவர்களும் தாய்மார்களும் எத்தனை பேர்? குழந்தையின் படத்தை உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போடக் கூடாது என்று படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். நல்ல சங்கம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது.

தஞ்சை அம்மா | வியாழன், இரவு 9:30

சுளிக்காது அண்ணா. ஆனா ஒண்ணை ஒத்துக்கிறேன். படம் விஷயத்துல எழுத்துல அனுமதி வாங்கற வழக்கம் எங்ககிட்டயும் இல்லை, வாயால தான் கேட்டுட்டு இருந்தோம். ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல வைக்கிறேன், படிவத்துல ஒரு வரி சேர்த்துடுவோம். உங்க மகன் எப்படி இருக்கான்னு சொல்லவே இல்லையே?

சேலத்துக்காரன் | வியாழன், இரவு 9:41

டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. அந்தக் கணுக்கால் இறுகிவிட்டது, படி இறங்கும்போது பக்கவாட்டில் தான் இறங்குவான். பிசியோவுக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை.

மதுரை 54 | வியாழன், இரவு 9:58

அந்த வயசுக்கு இன்னும் வழி இருக்கு. தனி மெசேஜ் பாருங்க, ஒருத்தரைச் சொல்றேன். ஃபேக்டர் போட்டுக்கிட்டுத் தான் பிசியோ ஆரம்பிக்கணும், வெறும் கணுக்காலை யாரையும் முறுக்க விடாதீங்க.

கரூர் அப்பா | ஞாயிறு, இரவு 11:15

இன்னிக்குப் போய்ப் பதிஞ்சுட்டு வந்தோம்ங்க. சேலத்து அண்ணன் சொன்ன எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த பெரியவர் ஒண்ணொண்ணா படிச்சுட்டு ஃபிரிட்ஜைத் திறந்தே காட்டினார். உள்ள தெர்மாமீட்டர் நாலு டிகிரி காட்டுச்சு. போன கரண்ட் கட்டுல எங்க தூக்கிட்டுப் போனாங்கன்னு கூட நோட்டுல எழுதியிருந்தது. தணிக்கைக் கணக்கு மட்டும் இந்த வருசத்துது இன்னும் வரலைன்னு நேரா சொன்னார்.

என் மனைவி அங்க இருந்த ஒரு அம்மாகிட்ட மூணு மணி நேரம் பேசினா. காலிக் குப்பி ஒண்ணைக் கையில கொடுத்து உருட்டப் பழகச் சொன்னாங்க. அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கா, டிவி பாக்கிறப்ப கூட உருட்டிட்டு இருக்கா. பெரியவளுக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தாச்சு, ரிசல்ட் வெள்ளிக்கிழமை.

பையன் இப்பத் தூங்கறான். சாயங்காலத்துல இருந்து இடது முழங்கையை மட்டும் நீட்டாம வச்சிருக்கான். நானும் அவளும் மாறி மாறித் தொட்டுப் பாத்தோம். கொஞ்சம் சூடு இருக்கிற மாதிரி இருக்கு, எங்க பயமா நிஜமான்னு தெரியலை. காலையில வரைக்கும் பாக்கலாமா?

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 11:19

பாக்க வேண்டாம். இப்பவே கிளம்புங்க. நோட்டை எடுத்துக்கோங்க, கையைத் தொட்டில் மாதிரி துணியில கட்டிக்கோங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்கன்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க, அங்க டியூட்டியில யாருன்னு கேட்டு ஃபேக்டர் எடுத்து வைக்கச் சொல்றேன்.

கரூர் அப்பா | திங்கள், அதிகாலை 2:50

போட்டாச்சு. முழங்கைக் கசிவு தான், ஆரம்பத்துலயே வந்துட்டோம்னு சொன்னாங்க. 250 யூனிட். பேட்ச் நம்பரை அவ எழுதிட்டா.